உபதேசியாரின் விருத்தசேதனம்

பதினோரு வருஷமாக விருத்தசேதனத்துக்கு எதிராகப் பிரசங்கம் செய்துவந்த எர்னஸ்ட் உபதேசியாருக்கு, கல்யாணத்துக்குச் சரியாகப் பதினைந்து நாள் இருக்கையில், அதையே உடனே செய்துகொண்டாக வேண்டும் என்று திருப்பதி டாக்டர் சொல்லிவிட்டார்.

எதற்காக இத்தனை வருஷம் அவர் அதை எதிர்த்துக்கொண்டிருந்தார் என்றால், அதைப் போல வசதியான பிரசங்கம் வேறு கிடையாது. குடியைக் கண்டித்தால் புத்தூருக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்னச் சபையில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சாதியைக் கண்டித்தால் மீதிப் பேரும் திருப்பிக்கொள்வார்கள். விருத்தசேதனம் என்றால் ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. முஸ்லிம்கள் சுன்னத்து என்று சொல்லும் அதைச் செய்துகொள்ளும் உத்தேசம் அந்தச் சபையில் யாருக்கும் இருந்ததில்லை. ஆகவே, சனிக்கிழமை பிரசங்கம் எழுத நேரம் இல்லாமல் போனால், பழைய நியாயப்பிரமாணம் போயிற்று, அப்போஸ்தலர் நிருபம் எழுதி அதை முடித்துவைத்தார், நமக்கு வேண்டியது இருதயத்தின் சுத்தம்தான் என்று முக்கால் மணி நேரம் முழங்கிவிட்டு இறங்குவார். ஜனங்களும் நிம்மதியாகத் தூங்கிவிட்டுப் போவார்கள்.

அது 1960ஆம் வருஷம், பிப்ரவரி மாதம். எல்லைத் தகராறு ஒருவழியாக முடிந்து, ஏப்ரல் முதல் தேதி திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போகிறது, புத்தூர் ஆந்திராவிலேயே இருக்கிறது என்று ஆகியிருந்தது. எர்னஸ்டுக்கு நிச்சயித்திருந்த பெண் தபீதாள் திருத்தணியில் வாத்தியாரம்மா. அவளுடைய அப்பா சாந்தகுமார் தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க். ஆறு மாதமாக எந்த ஊர்க் கட்டு எந்தப் பக்கம் என்று ஃபைல்களைப் பிரித்துப் பிரித்து, கண்ணில் படும் எதையும் மெட்ராஸா ஆந்திராவா என்று பார்க்கும் மனிதராக ஆகியிருந்தார். ஏப்ரலுக்குப் பிறகு கல்யாணம் என்றால் பெண் ஒரு ராஜ்யம், மாப்பிள்ளை ஒரு ராஜ்யம், நாளைக்கு ஒரு சர்டிபிகேட் வாங்க வேண்டுமானால் எந்த ஆபீஸ் படியேறுவது என்பது அவருடைய கேள்வி. மார்ச் இரண்டாம் தேதி, ஈஸ்டருக்கு முந்திய தவக்காலமான லெந்து ஆரம்பம், அப்போது கோயிலில் கல்யாணம் கிடையாது. அதனால் பிப்ரவரி இருபத்துநாலு என்று முடிவாயிற்று.

எர்னஸ்டுக்கு அந்தத் தேதிகூடத் தாமதம், நாளைக்கே என்றாலும் சம்மதம்தான். வயது முப்பத்துநாலு. உபதேசியார் வேலையைக் கேட்டதும் நான்கு வீட்டில் பெண் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். தபீதாள்தான், அவர் பெண் பார்க்கப் போன அன்றைக்கு, எல்லாரும் இருக்கும்போதே, கடிதத்தில் உங்கள் கையெழுத்து நன்றாயிருந்தது, எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள் என்று அவரிடம் நேராகக் கேட்டாள். அதற்கு முன் எந்தப் பெண்ணும் அவரிடம் அவரைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. அன்றிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர் உண்டானால் சொல்லலாம் என்று சபைக்கு அறிவிப்பது. போதகர் சித்தூரில் இருந்து மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறெல்லாம் உபதேசியார் பொறுப்பு. ஆக, எர்னஸ்ட் தம்முடைய ஓலையைத் தாமே வாசிக்க வேண்டியதாயிற்று. ‘எர்னஸ்ட் என்னும் வாலிபனுக்கும்’ என்று வரும்போது சபையின் வம்புக்காரி ரத்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். இரண்டு ஓலை இப்படி முடிந்தது.

உபத்திரவம் கிறிஸ்துமஸிலேயே ஆரம்பித்துவிட்டது. முன்தோல் வீங்குவதும், எரிவதும், சிறுநீர் நூல் மாதிரி வருவதும், இளநீர் குடித்தால் கொஞ்சம் அடங்குவதும், மறுபடி வருவதுமாக மூன்று முறை ஆயிற்று. தேங்காயெண்ணெய் போட்டார், ஜெபம் பண்ணினார், இரண்டு வேளை உபவாசமும் இருந்தார். யாரிடமாவது சொல்லலாம் என்றால் யாரிடம் சொல்வது? புத்தூரில் கம்பவுண்டர் சபை அங்கத்தினர். சித்தூர் ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் போதகருக்கு மைத்துனன். கடைசியில் யாருக்கும் யாரையும் தெரியாத ஊர் திருப்பதிதான் என்று தீர்மானித்தார். அங்கே தெருவில் போகிறவர்களில் பாதிப் பேர் மொட்டை, பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியாது. இரண்டாம் ஓலை வாசித்த மறு செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

டாக்டர் நாகேந்திரன் நகரிப் பக்கத்துக்காரர். ஒரு வாக்கியத்தில் தமிழும் தெலுங்கும் பாதிப் பாதி. பார்த்தார், எத்தனை நாளாக என்று கேட்டார், தோல் நுனியில் வெள்ளையாகத் தழும்பு விழுந்து இறுகிவிட்டது, மருந்தால் இனி இளகாது, வெட்டி எடுக்க வேண்டும் என்றார். எர்னஸ்டுக்கு முகம் வெளிறிப்போனதைப் பார்த்து, எதை வெட்டுவதாக நினைத்தாய் என்று கேட்டார்.

அங்கேதான் வெட்கக்கேடு. பதினோரு வருஷம் அந்த வார்த்தையை முழங்கியவருக்கு, அதில் எது போகிறது, எது மிச்சம் இருக்கிறது என்பது சரியாகத் தெரியாது. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகள் கேட்டால் அது ஓர் அடையாளம் என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார். டாக்டர் சிரிக்காமல் தம் சட்டைக்கையை விரல் நுனிக்கு மேல் இழுத்து மூடிக் காட்டினார்.

“இது கை, இது சட்ட. சட்டயோட வாய் சுருங்கிப்போய் கை வெளியில வரமாட்டேங்குது. அந்த வாய மட்டும் கத்தரிச்சி, சுத்தி தையல் போட்டுடறோம். கை மேல யாரும் கை வெக்கப்போறதில்ல, பாபு.”

மரத்துப்போக ஊசி போடுவோம், போடும்போது சுருக்கென்று இருக்கும், அறுக்கும்போது தெரியாது. இரண்டு மூன்று நாள் வலி, ஒரு வாரம் வீக்கம், அதைப் பார்த்துப் பயப்படக்கூடாது. துளி ரத்தம் வந்தால் பரவாயில்லை, நிற்காமல் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சிறுநீர் நின்றாலோ உடனே வர வேண்டும். வேட்டியைத் தளர்வாகக் கட்டு, சைக்கிள் மிதிக்காதே. தையல் இரண்டு மூன்று வாரத்தில் தானாக உதிரும். இவ்வளவும் சொல்லி முடித்து, கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். பதினைந்து நாளில் என்று எர்னஸ்ட் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“தாலி கட்டிக்கோ. ஆறு வாரம் பொண்டாட்டிக்கு தூரத்துலேர்ந்து நமஸ்காரம் பண்ணிக்கினு இருக்கணும். தள்ளிப்போடலாம்னு மட்டும் நெனக்காத, ஒரு நாள் ஒண்ணுக்கு அடியோட அடைச்சிக்கும். வர்ற செவ்வாய்க்கிழம வந்து படுத்துடு.”

சிறு வயதிலேயே செய்திருந்தால் இந்தப் பாடு வந்திருக்காதே என்று எர்னஸ்ட் அங்கலாய்த்தார். டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தத் தோல் ஒட்டிக்கொண்டிருப்பது இயற்கை, வளர வளரத் தானே விடும், பள்ளிக்கூட வயசு தாண்டியும் ஆகலாம் என்றார். அதைப் பலவந்தமாகப் பின்னுக்குத் தள்ளுகிற பெற்றோர்தான் கிழித்துப் புண்ணாக்கித் தழும்பு வரவழைக்கிறார்கள், உனக்கும் யாராவது அப்படிச் செய்தார்களோ என்னவோ என்றார். எர்னஸ்டுக்குத் தம் அம்மாவின் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும், அந்தக் குளியலில் தெருவே கேட்கும்படி தாம் போட்ட கூப்பாடும் ஞாபகம் வந்தன. செத்துப்போன அம்மாவைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவருக்கு ஒரு யுக்தி தோன்றியது. அது இவ்வளவு கச்சிதமாக இருந்ததில் அவருக்கே ஆச்சரியம். செவ்வாய்க்கிழமை அறுவை. அடுத்த வாரம் கல்யாணம், எப்படியாவது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிடலாம். ஒரு வாரத்தில் லெந்து பிறந்துவிடும். இந்த வருஷம் ஈஸ்டர் வரைக்கும் விரதம், தனியாகத்தான் படுப்பேன் என்று சொல்லிவிட்டால், யார் என்ன கேட்க முடியும்? உபதேசியாரின் பக்தி என்று ஊர் மெச்சிக்கொள்ளும். அதற்குள் எல்லாம் ஆறிவிடும், தபீதாளுக்கு எதுவும் தெரியவே வேண்டியதில்லை. இடையில் விசாரித்தால் பல் வலி என்று சொல்வதாகவும் முடிவுசெய்தார். ஒரு பொய்க்கு இத்தனை பக்தி கைகொடுத்தது அவருக்கு உறுத்தத்தான் செய்தது, ஆனால் பஸ் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

யாருக்கும் தெரியாத ஊர் என்று அவர் போனது பெரிய தப்புக் கணக்கு. பஸ் கண்டக்டர் ரத்னம்மாவுக்குத் தெரிந்தவன். உபதேசியார் திருப்பதிக்கு டிக்கெட் வாங்கினார் என்று புதன்கிழமை அவளிடம் சொன்னான். உபதேசியார் திருப்பதியில் முடி கொடுக்க வேண்டுதல் வைத்திருக்கிறார் என்று வியாழக்கிழமை சபை பேசியது. வெள்ளிக்கிழமை கறிக்கடை பாஷா தன் பங்குக்கு வந்தார். முதுகு வலிக்காக அன்றைக்கு அவரும் அதே ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், நர்ஸ் நாள் குறித்ததைக் காதால் கேட்டவர். நல்ல மனுஷன், கறி வாங்க வந்தவர்களிடமெல்லாம், நம்ம உபதேசியாருக்குச் செவ்வாய்க்கிழமை சுன்னத்து, நல்லபடியாக ஆக வேண்டும் என்று உருகிச் சொன்னார். ஆக ஒரே வாரத்தில் எர்னஸ்ட் மூன்று மதத்துக்காரர் ஆகிவிட்டார். சனிக்கிழமை செய்தி திருத்தணி போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் ஓலையன்று ஆலயம் நிரம்பி வழிந்தது. முன் வரிசையில் சாந்தகுமார் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் தபீதாள். எர்னஸ்ட் ஓலையை வாசித்தார். தடை அறிந்தவர் யாரும் உண்டானால் என்று கேட்டு முடிப்பதற்குள் சாந்தகுமார் எழுந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை திருப்பதிக்கு எதற்குப் போனீர், சபைக்கு முன்னால் சொல்லும் என்றார்.

பல் வலி தயாராகத்தான் இருந்தது. நாக்கு நுனிக்கு வந்தும் விட்டது. அப்போது எர்னஸ்ட் தபீதாளைப் பார்த்துவிட்டார். அவள் முகத்தில் கோபம் இல்லை, சந்தேகமும் இல்லை. அவர் என்ன சொல்கிறாரோ அதை நம்பிக்கொள்வதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள். பொய் சொல்வதில் எத்தனையோ கஷ்டம் உண்டு, நம்பத் தயாராக இருக்கிறவளிடம் சொல்வதைப் போலக் கஷ்டம் வேறில்லை. ஓலையை மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்தார்.

“தடை எனக்கே தெரியும். எனக்கு ஒடம்புல ஒரு கோளாறு. வர்ற செவ்வாய்க்கிழம திருப்பதி ஆஸ்பத்திரியில விருத்தசேதனம் பண்றாங்கோ. மதத்துக்காக இல்ல, ஒண்ணுக்குப் போக முடியல, அதுக்காக.”

ஆரம்பித்ததை முடித்துத்தானே ஆக வேண்டும் என்று, எர்னஸ்ட் தம் ஜிப்பாக் கையை விரலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு டாக்டர் காட்டியபடியே காட்டினார். ஆறு வாரக் கணக்கைச் சொன்னார். லெந்து விரதம் என்று ஏமாற்ற இருந்ததையும் மறைக்காமல் சொன்னார். பின் வரிசையில் தூங்குவதற்கென்றே வருகிற கிழவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பதினோரு வருஷத்தில் அவருடைய பிரசங்கத்தைச் சபை முழுதாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

முதலில் வாய் திறந்தவள் ரத்னம்மா. அவள் பேரனுக்கு மூன்று வயது, அவனுக்கும் தோல் விடவில்லை, குளிப்பாட்டும்போதெல்லாம் தள்ளிவிடுகிறோமே, அது சரியா என்று கேட்டாள். கேலி செய்ய வந்தவள் கேட்ட கேள்வி அது. எர்னஸ்ட் தம் அம்மாவை நினைத்துக்கொண்டு, வேண்டாம் என்றார். தொடாதீர்கள், வெளியில் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும், தானே விடும், சிவந்து வீங்கினாலோ சிறுநீர் போகும்போது பிள்ளை அழுதாலோ மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார். மூன்று தாய்மார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாந்தகுமாருக்குத்தான் பொறுக்கவில்லை. அதைச் செய்கிறவன் கிருபையை விட்டு விழுந்தான் என்று பதினோரு வருஷம் பிரசங்கித்தவர் இப்போது எந்தப் பக்கம் விழுந்திருக்கிறார் என்று கேட்டார். பெண்கள் உட்கார்ந்திருக்கிற ஆலயத்தில் இந்தப் பேச்சா, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று மேல்மூச்சு வாங்கக் கத்தினார். அவருடைய ஆத்திரம் வேத விஷயத்துக்குக் கொஞ்சம் அதிகப்படிதான், ஆனால் அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை. தபீதாள் எழுந்து நின்றாள்.

“வைத்தியம் பாக்கறது இன்னா தடை, நைனா? எனக்கு ஒரு தடையும் இல்ல. அவுரு ஆறி வரட்டும், ஈஸ்டர் முடிஞ்சி வெச்சிக்கலாம்.”

அதற்குள் நாம் மெட்ராஸ், அவர் ஆந்திரா என்றார் சாந்தகுமார். பஸ் ஓடும் என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள். சாந்தகுமார் மகளை அழைத்துக்கொண்டு வெளியேறினார். சம்பந்தம் உண்டு என்றும் சொல்லவில்லை, முன்பு கத்தியபடி வேண்டாம் என்று மறுபடி சொல்லவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை டாக்டர் சொன்னது சொன்னபடி நடந்தது. ஊசி சுருக்கென்றது, அறுத்தது தெரியவில்லை. மறுநாள் பார்த்தபோது வீக்கம் திகிலூட்டும்படி இருந்தது, சொல்லித்தானே அனுப்பினார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். விடியற்காலைகளில் உடம்பு தானாக விறைத்துத் தையலை இழுக்க, தாம் மனசால் ஒன்றும் நினைக்கவில்லையே என்று கடவுளிடம் முறையிட வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் படுத்தபடியே, வேதத்தில் ஓர் ஊர் ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஒன்றாக இதைச் செய்துகொண்டு, மூன்றாம் நாள் எழுந்திருக்க முடியாமல் கிடக்கையில், பெண்வீட்டார் வாளோடு வந்து வெட்டிப்போட்டதை அவர் நினைத்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பினால் வார்டு வாசலில் சாந்தகுமார் நிற்கிறார்.

அவர் கட்டிலருகே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். கோட்டுப் பொத்தானைத் திருகினார். வலிக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம் என்றார் எர்னஸ்ட். ஊசி போடும்போதா, பிற்பாடா என்றார். பிற்பாடு. வயசானவர்களுக்கும் செய்கிறார்களா என்றார். செய்கிறார்களாம். டாக்டர் எந்தெந்தக் கிழமை பார்க்கிறார் என்று கேட்கும்போது குரல் தேய்ந்துபோய்விட்டது. எர்னஸ்ட் வலியை மறந்து முழங்கையூன்றி எழுந்தார்.

“எனக்கும் இது, தபீதா பொறந்தப்பறம் ஆரம்பிச்சிது,” என்றார் சாந்தகுமார், வேறெங்கோ பார்த்தபடி. “இருவத்தஞ்சு வருசமா ரேழியில தனிக் கட்டிலு. கிட்ட போனா ரத்தம் வரும், போகாம இருந்துட்டேன். வூட்டுக்காரி ஜெயகுமாரி, நான் அவள புடிக்காம ஒதுங்கறேன்னு நெனச்சிக்கினா. நெனச்சிக்கட்டும்னு வுட்டுட்டேன். இத சொல்றத வுட அது சுலுவா இருந்திச்சி.”

ஈஸ்டர் வரைக்கும் என்று எர்னஸ்ட் போட்டிருந்த விரதம் இருபத்தைந்து வருஷம் நீண்டால் எப்படி இருக்கும் என்பது கோட்டுப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது. அன்றைக்குக் கோயிலில் இவர் ஏன் அப்படிக் கத்தினார் என்பதும் புரிந்தது. அந்தப் பெண்மணியை நினைத்ததும் கண் கலங்கிவிட்டது.

“டாக்டர்கிட்ட அப்பறம் போங்க, மாமா. மொதல்ல அத்தகிட்ட சொல்லிடுங்க.”

அவள் வெளியில்தான் உட்கார்ந்திருக்கிறாள், உன்னைப் பார்க்க ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றார் சாந்தகுமார். கல்யாணத்தை ஏப்ரல் இருபதுக்கு வைத்துக்கொள்ளலாம், ராஜ்யம் எப்படியோ போகட்டும் என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். கதவுவரை போய் நின்றார். பிறகு போனார்.

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடிப் பெஞ்சு எர்னஸ்டின் கட்டிலிலிருந்து நன்றாகத் தெரிந்தது. ஜெயகுமாரி மடியில் பழப்பையோடு உட்கார்ந்திருந்தார். சாந்தகுமார் எதிரே நின்றுகொண்டு, குனிந்து, வெகுநேரம் என்னவோ சொன்னார். அந்த அம்மாள் முதலில் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு பார்த்தார். பையைத் தூக்கி அவர் முழங்காலில் ஓங்கி ஓர் அடி அடித்தார், இரண்டு ஆரஞ்சு உருண்டு ஓடின. முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.